கிணற்றில் இறக்கிய மாண்டோலா

மாண்டோலாவைத் தனியாக, வீட்டிலேயே, எக்கோ வைத்துப் பதிவு செய்யத் தெரிந்தவன் அந்த நாளில் ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரை நான் ஒருவன்தான். மாண்டோலா வைத்திருந்தவனே நீ ஒருவன்தானே என்று யாராவது குறுக்கே சொன்னால் அதையும் மறுக்க மாட்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மாண்டலினை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மாண்டோலா அதற்கு அண்ணன். உடம்பு பெரிது, குரல் தணிவு. எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. வேலூரில் பேண்டு வாத்தியங்களைப் பழுது பார்க்கும் ஒரு கடையில், ரிப்பேருக்குக் கொடுத்தவர் திரும்பி வராமல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் வாங்கி வந்தேன். அதே கடையில் என் தோஸ்த் ஒரு மாண்டலின் வாங்கினான். பஸ்ஸில் திரும்பி வரும்போது பள்ளிகொண்டாவில் இறங்கி, ரங்கநாதர் கோயிலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, இரண்டையும் உறையிலிருந்து எடுத்துச் சுருதி சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பஸ் ஏறினோம். வீடு வரை பொறுக்கவில்லை.

இரண்டு பேரும் ஒரே தோல் கம்பெனியில் வேலை. நான் ஃபினிஷிங், அவன் செலக்‌ஷன். ஆடு உயிரோடு இருந்தபோது பட்டதெல்லாம் தோலில் தங்கிவிடும். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, இடையன் அடித்த தழும்பு. அதன்மேல் சாயம் அடித்து, மெஷினில் அழுத்தி, ஒன்றுமே நடக்காத தோல் போலக் காட்டுவது என் வேலை. அவன் வேலை நேர் எதிர். தோலை வெளிச்சத்தில் விரிப்பான், திருப்புவான், உள்பக்கத்தைத் தடவுவான், நான் எங்கே எதை மூடியிருக்கிறேன் என்று கண்டுபிடித்து ஃபர்ஸ்ட், செகண்ட், ரிஜெக்ட் என்று சாக்பீஸால் எழுதுவான். நான் மூடுகிறவன், அவன் திறக்கிறவன். இதை வைத்தே ஒருவரையொருவர் வாரிக்கொள்வோம். என் கையிலிருந்து போன தோலில் அவன் ரிஜெக்ட் எழுதினால் அன்று சாயங்காலம் டீ என் செலவு.

என் அறைக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் வீட்டில் அவன், அவன் அம்மா, ஒரு தங்கை. அவர்கள் வீட்டில் உருது பேசுவார்கள், என்னிடம் தமிழ். அவன் அம்மாவை நான் காலா என்று கூப்பிடுவேன், உருதுவில் பெரியம்மா, சித்தி முறை. காலா வீட்டிலேயே கால் மிஷின் வைத்து, கம்பெனி ஷூக்களுக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணி தைத்துக் கொடுப்பார். காலையில் தொழுகை முடித்து உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரைக்கும் மிஷின் ஓடும். அதன் பெல்ட்டை தோஸ்தே கம்பெனித் தோலில் வெட்டி, இரண்டு முனையையும் ஒரு கம்பி கிளிப்பால் இணைத்து மாட்டியிருந்தான். அந்தக் கிளிப் ஒவ்வொரு சுற்றிலும் கீழ்ச் சக்கரத்தில் ஏறும்போது ஒரு தரம் 'டக்' என்னும். நாள் பூராவும் சுவருக்கு அந்தப் பக்கம் டக், டக், டக்.

அந்த டக்குதான் எங்களுக்குத் தாளம். தபலா வாசிக்க ஆளைத் தேடி நாங்கள் அலையவில்லை. சாயங்காலம் என் அறையில் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காலாவின் மிஷின் வேகம் பார்த்து வாசிப்போம். அவர் நேரான தையல் ஓட்டினால் எங்கள் பாட்டும் சீராக ஓடும். வளைவு வந்து அவர் நிதானித்தால் நாங்களும் நிதானிப்போம். நூல் அறுந்தால் நாங்களும் நிறுத்திக்கொண்டு பீடி பற்றவைப்போம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவன் அரபு நாட்டுக்குப் போனான். இரண்டு வருஷ ஒப்பந்தம். நடுவில் விட்டுவிட்டு வந்தால் திரும்பப் போக முடியாது. வேலையும் போகும், அதை நம்பி நிச்சயம் செய்திருந்த தங்கையின் கல்யாணமும் தள்ளிப்போகும். மாண்டலினைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். ஏர்போர்ட்டுக்குப் போகும் வேனில் ஏறும்போது, தனி மாண்டோலா வாசித்து கேசட்டில் அனுப்பு, நான் அங்கே உன்கூடச் சேர்ந்து வாசித்துக்கொள்கிறேன் என்றான். ஆறு மாதத்தில் ஊருக்கு வந்த ஒருவர் கையில் எனக்கு ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன்னும் அனுப்பி வைத்தான்.

எங்கள் பக்கம் அப்போது கேசட்தான் கடிதம். ஒரு பக்கத்தில் வீட்டார் பேசுவார்கள், மறுபக்கத்தில் பாட்டு. அங்கிருந்து வருகிறவர் ஒன்று கொண்டு வருவார், இங்கிருந்து போகிறவர் ஒன்று கொண்டு போவார். ஆனால் காலா மட்டும் கேசட்டில் பேச மாட்டார். தோஸ்த் இருந்த அறையில் பத்துப் பேர். கேசட்டைப் போட்டால் பத்துப் பேரும் கேட்பார்கள். ஊர் பேர் தெரியாத ஆண்பிள்ளைகள் நடுவில் என் குரல் எதற்கு என்பார். தங்கையும் அதே கட்சி. அவள் உருதுவில் கடிதம் எழுதுவாள், காலாவுக்கு எழுதத் தெரியாது, சொல்லுவார். கேசட் என் பொறுப்பு.

முதல் மூன்று கேசட்டுகளை என் அறையில் உட்கார்ந்து சாதாரணமாக வாசித்து அனுப்பினேன். பதிலுக்கு அவன் ஒன்று அனுப்பினான். என் கேசட்டை ஓடவிட்டு, அதோடு தன் மாண்டலினை வாசித்து, இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்திருந்தான். கேட்டதும் மனசு குளிர்ந்தது. கடலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், கேசட்டில் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். ஆனால் இரண்டாவது தரம் கேட்டபோது என் ஃபினிஷிங் புத்தி விழித்துக்கொண்டது. என் மாண்டோலாவுக்குப் பின்னால் டக், டக், டக். அந்தச் சத்தம் கடல் தாண்டிப் போய், கடல் தாண்டித் திரும்பியும் வந்திருந்தது. எனக்கு மகா பேஜாராகிவிட்டது. இவ்வளவு நல்ல வாசிப்பில் இவ்வளவு பெரிய தழும்பை வைத்தா அனுப்பினேன்?

முன்பு ஒருமுறை, மிஷின் சத்தத்தில்தான் ஒரு சுரம் தவறிவிட்டது என்று அவனிடம் சொன்னதற்கு, ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்திருந்தான். அதுவும் மனதில் இருந்தது. கூடத்தையே நேராக்கிக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன்.

எக்கோ என்று நாங்கள் சொன்னதை இப்போது ரிவெர்ப் என்கிறார்கள். மலைக்கு எதிரே நின்று கத்தினால் கத்தியது திரும்பி வருமே, அது இல்லை. பள்ளிகொண்டா கோயில் மண்டபத்தில் கை தட்டினால் சத்தம் உடனே சாகாமல் தூணுக்குத் தூண் தங்கித் தங்கி மெதுவாக அடங்கும், அது. வானொலியில் வரும் வாத்தியங்களுக்கெல்லாம் அந்த வழவழப்பு இருக்கும். என் அறையிலோ ஓலைத் தடுக்கும், துணி மூட்டையும், கட்டில் மெத்தையும். கம்பியைத் தட்டினால் சத்தம் அங்கேயே விழுந்துவிடும்.

எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு பொதுக் கிணறு இருந்தது. பாலாற்றோரக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டிருந்த காலம். இதன் தண்ணீர் டீத் தண்ணீர் நிறத்துக்கு வந்து, வாயில் வைக்க முடியாமல் போய், யாரும் இறைப்பதில்லை. தண்ணீரும் அடியில் போய்விட்டது. மிச்சமிருந்ததெல்லாம் கருங்கல் கட்டிய வட்டச் சுவரும் இருபது புறாக்களும்தான். எட்டிப் பார்த்து ஒரு கனைப்புக் கனைத்தேன். கனைப்பு கீழே போய், சுவரெல்லாம் தடவி, மேலே வந்து, நிதானமாகக் கரைந்தது. கோயில் மண்டபம் தோற்றது. இந்தக் கிணறு குடிக்க உதவாவிட்டாலும் எனக்கு உதவும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

முதலில் அறையில் மாண்டோலாவைச் சுத்தமாக, ஒரு பக்கச் சத்தமும் இல்லாமல் பதிவு செய்ய வேண்டும். எங்கள் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்று ஊரில் மெஷின்கள் ஓடாது, சங்கு ஊதாது. ரயில் மட்டும் உண்டு, அதன் நேரம் எனக்கு அத்துப்படி. மிச்சம் இருந்தது காலாவின் மிஷின். வீட்டு வேலைக்கு ஏது லீவு? நான் போய்ச் சொன்னேன், உங்கள் பிள்ளைக்குக் கேசட் பதிவு செய்கிறேன், இரண்டு மணி நேரம் மிஷினை நிறுத்தி வைக்க முடியுமா என்று.

காலா ஊசியைத் தூக்கி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தன நாள் ஓடிக்கினுதானே இருந்துச்சு பேட்டா, அப்ப எல்லாம் நீ வாசிக்கலயா?"

இந்தத் தடவை ரொம்பச் சுத்தமாக அனுப்பப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். சரி என்று மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். பகல் வேளையில் அவர் சும்மா உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று நான் வாசித்த மாதிரி பிறகு வாசித்ததும் இல்லை. ஒரு சுரம் பிசகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கிணற்று வேலை. அந்தக் கேசட்டை டூ-இன்-ஒன்னில் போட்டு, புதுப் பாட்டரி அடைத்து, அதை ஒரு மூங்கில் கூடையில் வைத்து, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினேன். என் பழைய டேப் ரிக்கார்டரைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்து, அதன் மைக்கை மட்டும் ஒயரோடு உள்ளே தொங்கவிட்டேன். கூடையில் மாண்டோலா பாடும், கிணறு அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும், மைக் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். மைக்கைக் கூடைக்குப் பக்கத்தில் இறக்கினால் வாத்தியம் கிட்டே வரும், எக்கோ கம்மி. மேலே இழுத்தால் எக்கோ ஜாஸ்தி, வாத்தியம் தூரம் போகும். ஒயரில் முழம் முழமாக நூல் கட்டி அடையாளம் வைத்து, நாலு முழத்திலா ஐந்து முழத்திலா என்று மத்தியானம் பூராவும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். புறாக்கள் கோபித்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் போய்விட்டன. வெயிலில் தலை கொதித்தது, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் கொஞ்சம்தான்.

கடைசியில் கிடைத்ததைப் போட்டுக் கேட்டேன். மாண்டோலா ஒன்றல்ல, நாலு வாசிப்பது போல இருந்தது. டக் இல்லை, ரயில் இல்லை, தெரு இல்லை, அறை இல்லை. ஒரு தழும்பு கிடையாது. கேசட் உறையில், இதில் சாக்பீஸால் எழுது பார்க்கலாம் என்று அவனுக்கு ஒரு வரி எழுதி, ஊருக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த நாட்றம்பள்ளிக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து, ஃபினிஷிங்கில் கருப்புச் சாயம் அடித்துக்கொண்டிருந்தபோது ஆபீஸ் கிளார்க் ஓடி வந்து, வெளிநாட்டிலிருந்து உனக்கு ஃபோன் என்றார். கையைத் துடைக்காமலே ஓடினேன். பாராட்டத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன், அதை ஒளிப்பானேன்.

அவன் எடுத்த எடுப்பில் கேட்டான். "எங்க உக்காந்து வாசிச்ச?"

என் அறையில்தான் என்றேன்.

"உன் ரூம்ல வாசிச்சா அம்மா மிஷின் கேக்கும். எனக்கு அது தெரியாதா? டேய், நெஜத்த மட்டும் சொல்லு. அம்மா மவுத்தாயிட்டாங்களா?"

காலா செத்துப்போனாரா என்று கேட்கிறான் என்பது மண்டையில் ஏற எனக்கு ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடி நான் பேசாமல் இருந்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. இல்லையடா, நன்றாக இருக்கிறார், நான்தான் மிஷினை நிறுத்தச் சொன்னேன் என்று பிறகு சொன்னதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை. அவன் அறையில் திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா இறந்ததை வீட்டார் நாலு மாதம் மறைத்து, ஒவ்வொரு கடிதத்திலும் அப்பா ஆசீர்வாதம் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள், ஒப்பந்தம் முடியாமல் ஓடி வந்துவிடக் கூடாதே என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எங்கள் ஊர்களில் வழக்கமாகவே ஆகியிருந்தது. அது வெளியான நாளிலிருந்து அந்த அறையில் இருந்தவர்கள் வீட்டிலிருந்து வரும் கேசட்டில் சொல்வதைக் கேட்பதில்லை, சொல்லாததைத்தான் கேட்டார்கள். பின்னால் யார் இருமுகிறார்கள், யார் கூப்பிடுகிறார்கள், எந்தச் சத்தம் குறைகிறது என்று. கடிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். பேசாத தன் அம்மாவுக்கு அவனிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்த டக். அவன் அதை ஒரு தடவைகூட எனக்கு எழுதியதில்லை, நானும் கேட்டதில்லை.

"தழும்பு இல்லாத தோலுக்கு நீ எதுக்குடா சாயம் அடிக்கப் போற?" என்றான். "எக்கோ போட்டு எதையோ மூடியிருக்க. நான் செலக்‌ஷன்காரன்."

அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இதே நம்பருக்குக் கூப்பிடுவேன், அம்மா பேச வேண்டும், இல்லாவிட்டால் சனிக்கிழமை ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவேன், இங்கே என் முதலாளியிடம் சொல்லியாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டான். ரிசீவரில் என் கைச் சாயம் அப்பியிருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். நான் வெட்டக்கூட இல்லை, இருந்த கிணற்றில் ஒரு கூடையை இறக்கினேன், அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. ஒரு குடும்பத்தின் இரண்டு வருஷம் என் ஒரு கேசட்டால் போகப் பார்த்தது.

அன்று சாயங்காலமே காலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தையும் மூடவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மிஷின் பலகையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிள்ளை இந்த மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அவருக்கும் அன்றுதான் தெரியும். தங்கை அழுதாள். காலா அழவில்லை, வெள்ளிக்கிழமை வருகிறேன், பேசுகிறேன், பெற்ற பிள்ளையோடு பேசுவதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்றார்.

நான் ஒரு தடவை அடிபட்டால் இரண்டாவது தடவை படாதவன். குரல் மட்டும் போதாது என்று எனக்குப் பட்டது. மிஷினையும் கொண்டு போகலாம் என்றேன். தங்கை என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். காலா ஒரு கேள்வியும் கேட்கவில்லை, தைத்துக்கொண்டிருந்த லைனிங் துணியை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். துணி இல்லாமல் சும்மா ஓட்டினால் மிஷின் பல் தேய்ந்துவிடும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு தள்ளுவண்டியில் கால் மிஷினை ஏற்றிக் கயிறு கட்டினேன். நான் தள்ள, பின்னால் காலாவும் தங்கையும் புர்க்கா அணிந்து நடந்து வந்தார்கள். கடைத்தெருவில் ஆளுக்கு ஆள், இன்னா, மிஷின் விலைக்கு வருதா என்று கேட்டார்கள். ஃபோன் பேசப் போகிறது என்று சொல்லிக்கொண்டே தள்ளினேன். நான் முன்கூட்டியே கேட்டுக்கொண்டதால் எங்கள் கம்பெனி முதலாளி ஆபீஸைத் திறந்துவைக்கச் சொல்லி, கிளார்க்கை மட்டும் அனுப்பியிருந்தார். நானும் கிளார்க்கும் மிஷினைத் தூக்கி மேஜைக்குப் பக்கத்தில், ஃபோன் ஒயர் எட்டும் இடத்தில் வைத்தோம்.

பதினொன்று அடித்து அரைமணிக்கு மேல் ஆகிவிட்டது.  ஃபோன் மணி அடித்ததும் நான் எடுத்துக் காலாவிடம் கொடுத்தேன்.

அந்தக் காலத்து வெளிநாட்டு லைன் எப்படி இருக்கும் என்பது பேசியவர்களுக்குத் தெரியும். நாம் சொன்னது ஒரு நொடி கழித்து நம் காதிலேயே திரும்பி வந்து விழும். காலா "பேட்டா" என்றார். அவருடைய பேட்டா அவருக்கே திரும்பி வந்தது. திடுக்கிட்டு நிறுத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் குரலைத் தானே கேட்கிறார். மறுபடி ஏதோ சொல்ல வந்தார், அதுவும் திரும்பி வந்து அவர்மேலேயே மோதியது. குரல் சன்னமாகி, யாருடையது போலவோ ஆகிவிட்டது. ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டார். நான் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தங்கச்சிய பேச வெச்சி ஏமாத்தாதீங்க. நான் சின்னக் கொழந்த இல்ல."

நான் சாதாரணமாகக் கோபப்படுகிறவன் இல்லை, அன்று பட்டேன். வாயை மூடிக்கொண்டு கேள் என்று மட்டும் சொன்னேன். காலாவைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே மிஷினில் உட்கார்ந்து துணியை ஊசிக்குக் கீழே வைத்திருந்தார். நான் தரையில் குந்தி, ரிசீவரைக் கீழ்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

காலா மிதித்தார். முதலில் மெதுவாக, பிறகு அவருடைய வழக்கமான வேகத்தில். டக், டக், டக். ஒரு நேர்த் தையல் முழுக்க ஓட்டி, ஓரத்தில் நிதானித்து, துணியைத் திருப்பி, மறு தையல் ஓட்டினார். வீட்டில் எப்படியோ அப்படியே. அவர் கண் தையலை விட்டு நகரவில்லை. கிளார்க் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இரண்டாவது தையல் முடிந்ததும் ரிசீவரைக் காதில் வைத்தேன். காலா நிறுத்தவில்லை. ரிசீவரை எடுக்கும் முன் விழுந்த இரண்டு மூன்று டக்குகள் அந்த லைனில் போய்விட்டு என் காதில் திரும்பி வந்தன, கொஞ்சம் தங்கி, கொஞ்சம் கரைந்து. நாலு முழமா ஐந்து முழமா என்று ஒரு நாள் பூராவும் கிணற்றோரம் நின்று நான் தேடிய எக்கோ. அதற்குப் பின்னால் அவன் அழுதுகொண்டிருந்தான். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை, எனக்குத் தெரியும். எனக்கும் கண் கலங்கியது, சாயப் புகை பட்டது என்று சொல்லவும் வழியில்லை, அன்று கம்பெனி லீவு.

பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுப் பேசினான்.

"பெல்ட்டு தொய்ஞ்சு போயிருக்குடா. டக்கு லேட்டா வுழுது. அரை இஞ்சு வெட்டி, கிளிப்ப மாத்திப் போடு."

செய்கிறேன் என்றேன். லைன் அறுந்துவிட்டது. அவன் என்ன சொன்னான் என்று காலா கேட்டார். சொன்னேன். அவர் சிரித்தார். புர்க்காவின் முகத்திரையைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் கிளார்க் நிற்பதையும் மறந்து, வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம்தான் அழுதார்.

அவன் சனிக்கிழமை விமானம் ஏறவில்லை. அதற்குப் பிறகு நான் அனுப்பிய கேசட்டுகளில் எக்கோ கிடையாது. மைக்கை மாண்டோலாவுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து, காலா மிஷினில் உட்கார்ந்த பிறகுதான் வாசிக்க ஆரம்பிப்பேன். நூல் அறுந்தால் நானும் நிறுத்துவேன், அந்த நிசப்தத்தையும் வெட்டாமல் அப்படியே அனுப்புவேன். பதிலுக்கு வந்த கேசட்டுகளில் நாங்கள் மூன்று பேரும் வாசித்தோம்.

கிணற்றுக் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. எக்கோவுக்கு மிஷின் வந்து, பட்டனைத் திருப்பினால் கோயில், திருப்பினால் குகை என்று ஆன பிறகும், அதைக் கேட்டவர்கள் எந்த ஸ்டூடியோவில் எடுத்தது என்றுதான் கேட்கிறார்கள். நல்ல வேலைதான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அனுப்பியதுதான் தப்பு.

பெல்ட் விஷயம் ஒன்று பாக்கி. ஃபோன் வந்த மறுநாளே கத்தியும் புதுக் கிளிப்புமாக நான் போய் நின்றேன். காலா மிஷினைவிட்டு எழுந்திருக்கவில்லை. இப்போது வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அவனோ ஒவ்வொரு கடிதத்திலும், பெல்ட் இன்னும் தொய்ந்து கேட்கிறது, உனக்குக் கையில் என்ன நோவு என்று என்னைத் திட்டி எழுதினான். பெல்ட் நழுவும், சக்கரம் சும்மா சுற்றும், ஒரு துணிக்கு இரண்டு தரம் மிதிக்க வேண்டியிருக்கும். காலாவுக்கு முழங்கால் வலி வேறு. ஒருநாள் நான் பொறுக்க முடியாமல், ஏன் காலா இந்தப் பாடு, அரை இஞ்சு வெட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுவிட்டேன்.

"போட்டவன் வந்து வெட்டட்டும்" என்றார்.

பதினோரு மாதம் அந்தத் தொய்ந்த பெல்ட்டோடே தைத்தார். ஒப்பந்தம் முடிந்து தோஸ்த் வந்து இறங்கிய அன்று நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அம்மாவைக் கட்டிக்கொண்டான், தங்கை தலையைத் தொட்டான், உடனே சட்டைகூட மாற்றாமல் மிஷினுக்கு அடியில் குந்திவிட்டான். என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு முறை முறைத்தான். நான் காலாவைக் கை காட்டினேன். அவர் அடுப்படியில் டீத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. அவன் கொஞ்ச நேரம் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு கத்தியைக் கேட்டான், கொடுத்தேன். அரை இஞ்சு போதவில்லை, முக்கால் இஞ்சு வெட்ட வேண்டியிருந்தது.